கிடங்கல் முதல் கீழ்வாலை வரை: ஊருக்குப் போகும் வழியில் படித்த சரித்திரம்



மலர்க்குழு நண்பர் போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுடா. ஆனால் ஹாஸ்டல் சாம்பார் பற்றி மட்டும் வேண்டாம். அதைப் பற்றி ஏற்கெனவே பதினொரு பேர் எழுதிவிட்டார்கள்" என்றார். நானோ கட்டடப் பொறியாளன். கம்பிக் கணக்கு போடத் தெரியும், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் கடந்த பொங்கலுக்குச் சென்னையிலிருந்து ஊருக்குப் போன ஒரு பயணத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் கிடந்தது. அதையே எழுதுகிறேன். சரித்திரப் பேராசிரியர்கள் பிழை பொறுக்க வேண்டும்.

நவஹோ நாட்டில் ஒரு கேள்வி

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 2018-இல் அலுவலக வேலையாக ஆறு மாதம் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் இருந்தேன். ஒரு நீண்ட விடுமுறையில் சக ஊழியர்கள் இருவருடன் காரில் வடக்கே கிளம்பினேன். முதல் நாள் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்திய மரங்கள் அடுக்கடுக்காக, அறுத்துப் போட்ட மரவாடி மாதிரி கிடந்தன. மறுநாள் நவஹோ மக்களின் நிலத்துக்குள் நுழைந்தோம்.

நவஹோ மக்கள் தங்களை 'தினே' என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் வசம் இன்று இருக்கும் நிலப்பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்! இது சும்மா கிடைத்ததல்ல. 1864-இல் அமெரிக்க ராணுவம் அவர்களுடைய தோட்டங்களை அழித்து, ஆயிரக்கணக்கான மக்களை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நடக்கவைத்து நியூ மெக்சிகோவில் ஒரு முகாமில் அடைத்தது. பசியிலும் நோயிலும் ஏராளமானோர் மாண்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1868-இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, வந்த வழியே தங்கள் ஊருக்கு நடந்து திரும்பினார்கள். பிற்காலத்தில் அவர்களே ஓர் அரசு அமைத்து, 1958-இல் மான்யுமென்ட் வேலி என்ற செந்நிறப் பாறைப் பள்ளத்தாக்கைத் தங்கள் பழங்குடிப் பூங்காவாக அறிவித்தார்கள். இன்றைக்கும் வாசலில் கட்டணம் வாங்குவது அவர்கள்தான், வழிகாட்டுவதும் அவர்கள்தான். பெயர்ப் பலகையில் இருப்பதும் அவர்கள் பெயர்தான்.

எங்களுக்கு வழிகாட்டிய பெரியவர் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை சொன்னார். முடிவில் என்னைப் பார்த்து, "உன் ஊர் எது? அங்கே உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் யார்? அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்தேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அந்தக் கேள்வி ஏழெட்டு வருஷம் என்னோடு வந்தது. கடந்த பொங்கலுக்கு, நான்கு வருஷம் என்னோடு ஒரே அறையில் குப்பை கொட்டிய நண்பனும் நானும் காரில் ஊருக்குக் கிளம்பியபோது, "நேரா போய்ச் சேர வேண்டாம்டா, ஒவ்வொரு இடமா நின்னு போலாம்" என்றேன். "என்னடா, சுங்கச்சாவடியிலதான் நிக்கிறோமே, போதாதா?" என்றான் அவன். ஆனாலும் வந்தான்.

கிடங்கல்: சங்க காலத்து வழிகாட்டி

திண்டிவனம் நமக்கு என்ன? பஸ் நிற்கும் இடம். டீ குடிக்கும் இடம். புளியங்காடு என்ற பொருளில் அமைந்த 'திந்திரிணி வனம்' என்ற பெயரே திண்டிவனம் ஆனது என்பார்கள். இந்தத் திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே கிடங்கல் என்றொரு பகுதி இருக்கிறது. அதுதான் சங்க காலத்துக் கிடங்கில். ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கோட்டை நகரம்.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை இவன் மேல் பாடப்பட்டது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். மொத்தம் 269 அடிகள். ஆற்றுப்படை என்றால் என்ன? வள்ளலிடம் பரிசு பெற்றுவரும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு, "இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இது கிடைக்கும், அந்த ஊரில் அது கிடைக்கும்" என்று வழி சொல்வது. அந்தக் காலத்துச் சாலை வழிகாட்டி என்றால் மிகையாகாது.

வழி எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதலில் கடலோரத்து எயிற்பட்டினம். அங்கே பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும். அடுத்து வேலூர். அங்கே வேட்டுவக் குடியைச் சேர்ந்த எயினர் வீட்டுப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறும், காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சியும். பிறகு ஆமூர். அங்கே உழவர் வீட்டு வெள்ளைச் சோறும் நண்டுக் குழம்பும். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பக்கம் என்றும், வேலூர் என்பது உப்புவேலூர் என்றும், ஆமூர் என்பது நல்லாமூர் என்றும் அறிஞர்கள் கருதுகிறார்கள். மூன்றுமே திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்கள். நம் கல்லூரிப் பஸ் போய்வந்த பக்கம்தான்!

என்னை நிறுத்தியது அந்த வேட்டுவர் வீட்டுச் சோறுதான். புலவர் மீனவரையும் வேட்டுவரையும் உழவரையும் ஒரே வரிசையில் வைக்கிறார். மூன்று வீட்டிலும் பாணன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். வேட்டுவக் குடிக்கு ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்குப் பெயர் இருந்தது. விருந்தாளிக்குச் சோறு போடும் கௌரவம் இருந்தது. நல்லியக்கோடனின் அரண்மனைக் கதவோ, பரிசு நாடி வருகிற எவருக்கும் அடைக்கப்படாத கதவாம்.

அந்த எயினரின் வழிவந்தவர்கள்தான் இன்றைய இருளர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு என்னிடம் சான்று கிடையாது. ஆனால் இந்த மண்ணில் வேட்டையை நம்பி வாழ்ந்த மக்கள் சங்க காலத்திலேயே ஊரும் பேருமாக இருந்திருக்கிறார்கள். நவஹோ பெரியவரின் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்தது. இரண்டாம் கேள்வி பாக்கி.

திருவக்கரை: கையில் வெண்ணெய்

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரைக்குத் திரும்பினோம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமி அன்று கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒரு பள்ளிக்கூட வேன் மட்டும்தான் நின்றது.

இது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் மணலுக்குள் புதைந்து, மரத்தின் திசுக்களில் சிலிகா ஏறி, ஏறி, கடைசியில் மொத்தமும் கல்லாகிவிட்டன. வெள்ளத்தில் வந்தவை என்று எப்படித் தெரியும்? வேரும் இல்லை, கிளையும் இல்லை, பட்டையும் இல்லை. உருண்டு புரண்டு வந்த வெறும் அடிமரங்கள். ஆனால் வருஷ வளையம் வரை தெளிவாகத் தெரிகிறது. 1781-இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதினார்.

அரிசோனாவில் டிக்கெட் எடுத்து, வாயைப் பிளந்து பார்த்து, நூறு போட்டோ எடுத்தவன் நான். அதே அதிசயம் நான் படித்த ஊருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது! நான்கு வருஷத்தில் ஒருநாள்கூடப் போனதில்லை. மண்ணியல் பாடத்தில் படிவப் பாறை பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி எழுதியிருக்கிறேன், அதுவும் மனப்பாடம் செய்து. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

வெளியே வந்தால் ஜல்லி லாரிகள் வரிசையாகப் போகின்றன. சுற்றுவட்டாரமெங்கும் கல்குவாரி. அந்த ஜல்லியில்தான் நான் வரைபடம் போடும் கட்டடங்களும் எழும்புகின்றன. ஆகவே யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

மண்டகப்பட்டு: செங்கல் இல்லாத கோயில்

அடுத்து விக்கிரவாண்டி வந்து சாப்பிட்டுவிட்டு, விழுப்புரம்–செஞ்சி சாலையைப் பிடித்தோம். செஞ்சிக் கோட்டையை எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூலையில் மராட்டியர் ராணுவக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது இடம்பெற்றுவிட்டது. அதனால் அதைப் பற்றி நான் எழுதவில்லை. அந்தச் சாலையில் விழுப்புரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு இருக்கிறது.

பொறியாளர்களே, ஆயுளில் ஒரு தடவையாவது நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடம் இது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குடைவரைக் கோயில். முகப்பின் இரு ஓரங்களிலும் வாயிற்காவலர் சிற்பங்கள். நடுவில் கனத்த தூண்கள். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள், மூன்றும் இன்று காலி. பிரம்மா, சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் எடுக்கப்பட்ட கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரோடு மன்னன் தன்னைக் குறிப்பிட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறான்.

கட்டுமானப் பொருள்கள் பற்றி முதல் வருஷம் நாம் படித்த பாடத்தின் அட்டவணை அப்படியே அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. அதற்கு முன் கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்பதற்கும் இதுவே சாட்சி. செங்கல்லும் மரமும் சுண்ணாம்பும் காலத்தில் கரைந்துபோயின. கல் நின்றுவிட்டது. இங்கிருந்து சற்றுத் தூரத்தில் தளவானூரில் இதே மன்னனின் இன்னொரு குடைவரை இருக்கிறது. சத்ருமல்லேசுவரம் என்று பெயர். முகப்பில் மகர தோரணம் செதுக்கிய அழகை நேரில்தான் பார்க்க வேண்டும். அங்கே தமிழ்க் கல்வெட்டும் உண்டு.

மண்டகப்பட்டில் தொல்லியல் துறையின் நீலப் பலகையை நண்பன் படித்துக்கொண்டிருந்தபோது, பாறைக்குப் பின்னால் இருந்து ஒரு முதியவர் வந்தார். கையில் கடப்பாரை, தோளில் துணிப்பை. "இங்க என்ன ஐயா பண்றீங்க?" என்று கேட்டேன். "கெழங்கு பாக்க வந்தேன் சாமி" என்றார். என் அப்பா வயது அவருக்கு. "சாமின்னு சொல்லாதீங்க ஐயா" என்றேன். "சரி சாமி" என்றார். நண்பன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் இருளர். ஏரிக்கரைப் புறம்போக்கில் பத்துப் பன்னிரண்டு குடும்பமாக இருக்கிறார்களாம். கீழே கிடந்த இலைகளைக் காட்டி, இது காய்ச்சலுக்கு, இது பூச்சிக்கடிக்கு என்று சொன்னார். "குடும்பத்தோட எங்கெல்லாம் வேலைக்குப் போவீங்க?" என்று கேட்டதற்கு, "ஆறு மாசம் சூளைக்குத்தான்" என்றார்.

செங்கல் சூளை! செங்கல் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மன்னன் கல்லில் எழுதிவைத்த அதே இடத்தில் நின்று இதைக் கேட்டேன். நம் வீடுகளுக்கும் கல்லூரிக் கட்டடங்களுக்கும் போன செங்கல்லில் எவ்வளவு இவர்கள் கையால் அறுத்ததோ, யார் கணக்கு வைத்தார்கள்?

யார் இந்த இருளர்?

ஊருக்கு வந்த பிறகு தேடிப் படித்ததை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். நலிவுற்ற நிலையிலுள்ள ஆறு பழங்குடிகள் என்று அரசு தனியாகப் பட்டியலிட்டிருப்பதில் இவர்களும் ஒருவர். நீலகிரி, கோவை மலைப்பக்கத்தில் இருப்பவர்களும் உண்டு. ஆனால் செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர்கள் சமவெளியில் வாழ்பவர்கள். காடு குறையக் குறைய, ஏரிக்கரையும் புறம்போக்கும்தான் இவர்களுக்கு மிச்சமானது.

பாம்பு பிடிப்பது இவர்களுடைய பெரிய வித்தை. ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்தில் இவர்களுக்குக் கொஞ்சம் கூலி கிடைத்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. சட்டம் தேவையான சட்டம்தான். ஆனால் பிழைப்பு போனவர்களுக்கு மாற்று வழி யாரும் யோசிக்கவில்லை. 1978-இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. நம் வயலில் யாரையாவது பாம்பு கடித்து, பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தார் என்றால், அந்த ஊசிக்குப் பின்னால் ஓர் இருளரின் கை இருக்கக்கூடும்.

இன்னொன்று கேளுங்கள். நான் நவஹோ நிலத்தைப் பார்க்க அமெரிக்கா போவதற்கு ஒரு வருஷம் முன்பே, 2017-இல், மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளை விஞ்ஞானிகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர்கள் போய்த் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் திண்டிவனத்திலேயே, அரசுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி அவர்கள் 1990களில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை உருவாக்கி, இம்மக்களின் சான்றிதழ், வீட்டுமனை, காவல் நிலைய வழக்கு என்று ஒவ்வொன்றுக்கும் நடையாய் நடந்தார். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் பல இடங்களில் மீட்கப்பட்டிருக்கின்றன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வாலை: பெயரில்லாதவர் வரைந்த படம்

மறுநாள் காலை கண்டாச்சிபுரம் பக்கம் உள்ள கீழ்வாலைக்குப் போனோம். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அவற்றின் மறைவில், சிவப்புக் காவியில் தீட்டிய மனித உருவங்கள், விலங்கின் மேல் அமர்ந்த உருவம், புரியாத குறிகள். பல்லவனுக்கும் நல்லியக்கோடனுக்கும் முந்திய, எழுத்துக்கு முந்திய காலத்து மனிதர் வரைந்தவை. வெயிலும் மழையும் படாத மடிப்பு பார்த்து வரைந்திருக்கிறார்கள். அதனால்தான் இன்றும் நிற்கின்றன. வரைந்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஒரு பாறையில், அந்த ஓவியத்துக்குக் கைநீட்டும் தூரத்தில், யாரோ இரண்டு காதலர்கள் தங்கள் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். நம் கல்லூரிப் பசங்களாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பாறை நிழலில் உட்கார்ந்திருந்தபோது என் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் நினைவுக்கு வந்தான். எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இருளர் வீட்டுப் பையன். அறுவடை முடிந்த வயலில் எலி வளையைப் பார்த்து, எந்த வாயில் வழியாக எலி வெளியே வரும் என்று சரியாகச் சொல்வான். வாய்ப்பாட்டில் என்னைவிடக் கெட்டி. ஆறாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் யாரையும் கேட்கவுமில்லை.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். "ஏரிக்கரையில தாம்ப்பா இருக்கான். சூளைக்குப் போய்ட்டுப் பொங்கலுக்கு வந்திருப்பான்" என்றார். நடந்தே போனேன். என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். இத்தனை வருஷத்தில் நான் நடக்காத பத்து நிமிஷம்.

அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றான். ஒன்றாக உட்கார்ந்து புளியங்காய் தின்றவன்! "டேய், நான்தாண்டா" என்றேன். "தெரியுது சார்" என்றான். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 91. நாம் படித்த கல்லூரியில் சேர்ந்து என்ஜினியர் ஆக வேண்டுமாம். ஆனால் பழங்குடிச் சான்றிதழ் கைக்கு வரவில்லை. மற்ற சாதியினருக்குத் தாலுகா அலுவலக அளவிலேயே சான்றிதழ் கிடைத்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் விசாரித்துத்தான் தர வேண்டும். அப்பன் பாட்டன் சான்றிதழ் கொண்டுவா என்கிறார்கள். அப்பன் ஐந்தாவதோடு நின்றவன், பாட்டன் பள்ளிக்கூடமே பார்க்காதவர். எங்கிருந்து கொண்டுவருவது?

"விசாரணைக்கு வந்தவர் பாப்பாவப் பாத்து, எலி புடிக்கத் தெரியுமான்னு கேட்டாரு சார். அதுக்குத் தெரியாது. நாந்தான் பள்ளிக்கூடம் போ, எலி வளைப் பக்கமே வராதன்னு வளத்தேன்" என்றான்.

அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தாள். கையில் இயற்பியல் புத்தகம். விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்திருந்தாள், படித்த இடம் தவறிப் போகாமல்.

நண்பர்களே, என் சாதிச் சான்றிதழ் ஒரு வாரத்தில் வந்தது. அப்பா சைக்கிளில் போய் வாங்கிவந்தார். அந்தத் தாள் இல்லாமல் நான் இந்தக் கல்லூரிக் கதவைத் தாண்டியிருக்க முடியாது. என் வகுப்பில் அறுபது பேர் இருந்தோம். அதில் ஒருவர்கூட இருளர் இல்லை. அன்று அது எனக்குத் தெரியவுமில்லை, உறைக்கவுமில்லை.

நான் கேட்டுக்கொள்வது

நவஹோ பெரியவரின் இரண்டாம் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். அவர்கள் எங்கேயும் போகவில்லை. ஏரிக்கரையில் இருக்கிறார்கள், என் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில். கல்மரத்துக்கு வேலி இருக்கிறது, குடைவரைக்குப் பலகை இருக்கிறது. இரண்டும் வேண்டியவைதான். இவர்களுக்கு நாம் இந்த மண்ணின் மக்கள் என்று சொல்லும் ஒரு தாள் இல்லை.

சங்கத்தின் பொதுக்குழு முன் இரண்டு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களை ஒருநாள் கல்லூரிப் பஸ்ஸிலேயே கிடங்கல், திருவக்கரை, மண்டகப்பட்டு, தளவானூர், கீழ்வாலை என்று அழைத்துப்போக வேண்டும். டீசல் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. வழியில் மருந்துச் செடி காட்டவும் பாறைக்கு அழைத்துப்போகவும் அந்தந்த ஊர் இருளர் பெரியவர்களையே கூலி கொடுத்து வழிகாட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். நவஹோ பூங்காவில் நான் பார்த்த முறை இது. இங்கே நடக்காது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு, சான்றிதழ் மனுவுக்கு உதவ ஒரு சிறு குழு. நம்மில் வக்கீல்கள் இருக்கிறார்கள், வருவாய்த் துறையில் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குடும்ப வழி எழுதித் தருவது, உறவினரில் யாருக்காவது சான்றிதழ் இருந்தால் அதைத் தேடி இணைப்பது, விசாரணை நாளன்று கூடப் போய் நிற்பது, இவ்வளவுதான் வேலை. பணம் அதிகம் வேண்டாம். லீவு போட மனசு வேண்டும்.

என் தோழனின் மகளுக்காக அவளுடைய பெரியம்மா மகன் ஒருவருக்கு வேறு தாலுகாவில் கிடைத்த சான்றிதழைத் தேடிப் பிடித்து, நண்பனும் நானும் புதிதாக மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. அடுத்த விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். சந்திப்பு விழாவுக்கு அடுத்த வாரம் அது. கூட வர விரும்புகிறவர்கள் விழா மண்டபத்தில் என்னைப் பார்த்தால் சொல்லுங்கள். கார் இருக்கிறது, மூன்று பேர் உட்காரலாம்.